பாடநூலா, கைடா, வீடியோவா, பில் கட்டா? பிளஸ் டூ வணிகவியல் ஆசிரியருக்கு ஓர் ஒப்பீடு

ஜூன் பிறந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "சார், காமர்ஸ் எடுக்கச் சொல்லிட்டாங்க. புக் போதுமா, எந்தக் கைடு வாங்கலாம், ப்ரொஜெக்டர் கேட்கட்டுமா?" இந்த முறை கேட்டவர் புதிதாகப் பணியில் சேர்ந்த முதுகலை ஆசிரியை ஒருவர். தலைமையாசிரியர் அவர் கையில் 5,000 ரூபாயைக் கொடுத்து, "வணிகவியலுக்கும் கணக்குப்பதிவியலுக்கும் சேர்த்து என்ன வேணுமோ வாங்கிக்கம்மா, பில் மட்டும் கொண்டு வந்துடு" என்றிருக்கிறார். அறிவியல் பிரிவுக்கு ஆய்வகம் உண்டு, அமிலம் உண்டு, எலும்புக்கூடுகூட உண்டு. நம் பிரிவுக்குச் சாக்பீஸ். அதனால் இப்படி யாராவது கேட்டால் அது பெரிய சலுகைதான்.

அவரிடம் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் பாடம் எடுப்பது தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டும் உள்ள ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில். ஆகவே மாநிலப் பாடத்திட்டத்தை வைத்தே பேசுகிறேன். சி.பி.எஸ்.இ. பற்றி இடையில் ஒரு பத்தி இருக்கிறது.

## முதலில் அளவுகோல்

தேர்வு. பிடிக்கிறதோ இல்லையோ, இதை முதலில் வைத்தாக வேண்டும். எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்: ஒரு மதிப்பெண் 20, இரண்டு மதிப்பெண் 7, மூன்று மதிப்பெண் 7, ஐந்து மதிப்பெண் 7. இரண்டிலும் மூன்றிலும் பத்துக்கு ஏழு எழுதலாம், ஆனால் 30-ஆம் வினாவும் 40-ஆம் வினாவும் கட்டாயம். மீதி 10 அகமதிப்பீடு. அதில் ஒப்படைவு, செயல்திட்டம், களப்பயணம் ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. பலர் அதை மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில் நிரப்புகிறார்கள்.

ஆசிரியரின் இரவு. இலவசம் என்று சொல்லப்படும் எந்த வளத்துக்கும் விலையாகப் போவது நம் நேரம். 40 நிமிட வீடியோவை வகுப்பில் போடுமுன் நாம் ஒருமுறை பார்க்க வேண்டும், எங்கே நிறுத்துவது என்று குறிக்க வேண்டும், அதற்கேற்ற கேள்வி தயாரிக்க வேண்டும். பணம் எவ்வளவு என்பதைவிட இரவு எத்தனை என்பதைத்தான் நான் கணக்குப் போடுவேன்.

கலைச்சொல். பேரேடு (லெட்ஜர்), ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்), இருப்பாய்வு (ட்ரையல் பேலன்ஸ்), மாற்றுமுறை ஆவணம் (காசோலை போன்றவை) எனத் தமிழ்வழிப் பிள்ளை தேர்வில் எழுத வேண்டிய சொல்லும் அந்த வளம் சொல்லும் சொல்லும் ஒன்றா?

தேதி. பித்தகோரஸ் தேற்றம் மாறாது. ஜி.எஸ்.டி. விகிதம் மாறும். நம் பாடத்தின் தலைவலி இது.

மின்சாரம், இணையம், அனுமதி. மூன்றில் ஒன்று இல்லாத நாளிலும் வகுப்பு நடக்குமா?

பணத்தைப் பட்டியலில் கடைசியில் கூட வைக்கவில்லை. கீழே வருவதில் பெரும்பாலானவை ஓசியாகவோ சில நூறு ரூபாய்க்கோ கிடைத்துவிடும்.

## பாடநூல்

இப்போதுள்ள பிளஸ் ஒன் நூல்கள் 2018-லும் பிளஸ் டூ நூல்கள் 2019-லும் வந்தவை. அரசு, உதவிபெறும் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு விலையில்லாமல் கிடைக்கின்றன. பி.டி.எப். வடிவமும் இலவசம். விடைக்குறிப்பு இதை ஒட்டித்தான் வரும். கலைச்சொல் சிக்கலே இல்லை, ஏனென்றால் சொல்லை முடிவு செய்வதே இந்த நூல்தான். அடிப்படை வளம் இதுதான், அதில் விவாதம் வேண்டியதில்லை.

விவாதம் தேதியைப் பற்றியது. நுகர்வோர் பாதுகாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1986 சட்டத்தின்படி 20 லட்சம் வரை மாவட்ட மன்றம், 1 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். 2019-இல் புதுச் சட்டம் வந்து, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மாவட்ட "மன்றம்" மாவட்ட "ஆணையம்" ஆனது, எல்லை 1 கோடிக்குப் போனது. 2021 டிசம்பரில் விதி மாறி, மாவட்டத்துக்கு 50 லட்சம், மாநிலத்துக்கு 2 கோடி என்று மறுபடி இறங்கியது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் வரையறையும் அப்படித்தான்: 2006-இல் ஒன்று, 2020 ஜூலையில் ஒன்று, 2025 ஏப்ரலில் இன்னொன்று. இப்போது குறு நிறுவனம் என்றால் முதலீடு 2.5 கோடிக்குள், விற்றுமுதல் 10 கோடிக்குள்.

உங்கள் மேசையில் இருக்கும் பதிப்பில் எந்த எண் இருக்கிறது என்று பாடம் தொடங்குமுன் பாருங்கள். பழைய எண் இருந்தால் என்ன செய்வது? என் வழக்கம் இது: அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, இன்றைய நிலையை எழுதச் சொல்வேன். "தேர்வில் புத்தகத்தில் இருப்பதை எழுது, அப்பாவுக்கு வழக்குப் போட வேண்டி வந்தால் துண்டுத் தாளில் இருப்பதைப் பார்" என்பேன். இது நேர்மையான வழியா என்று ஒரு மாணவி கேட்டாள். இல்லைதான். ஆனால் மதிப்பெண்ணை அவள்தான் இழப்பாள், நான் இல்லை.

மறைமுகச் செலவு: ஆண்டுக்கு ஒருமுறை இந்தத் துண்டுத் தாள் வேலை. எனக்கு ஒரு ஞாயிறு போகும். பக்கத்தில் இருக்கும் க்யூ.ஆர். குறியீடுகளில் சில உதவும். வகுப்பில் 50 பேர் ஒரே நேரத்தில் ஸ்கேன் பண்ணுவார்கள் என்று கனவு காணாமல், நாமே பார்த்துவிட்டுப் போவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

## கைடும் வினா வங்கியும்

கைடு என்றாலே முகம் சுளிக்கும் ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் மேசை அறையிலும் ஒன்று இருக்கும்.

கைடு எதில் நல்லது என்று ஒளிக்காமல் சொல்லிவிடலாம். புத்தகத்தில் இரண்டு பக்கம் ஓடும் விளக்கத்தை ஐந்து தலைப்பாக வெட்டித் தருகிறது. ஐந்து மதிப்பெண் வினாவுக்குத் திருத்துபவர் தேடுவது அந்தத் தலைப்புகளைத்தான். பெற்றோர் ஆசிரியர் கழக வினா வங்கி, பழைய வினாத்தாள், மாவட்ட அளவில் தயாரித்துத் தரும் மெல்லக் கற்போர் கையேடு எல்லாம் இந்த வகையில்தான் சேரும். தனித்தேர்வருக்கு, பாதியில் சேர்ந்த பிள்ளைக்கு, ஜனவரியில் விழித்துக்கொண்டவனுக்கு இதைவிட வேறு வழி கிடையாது.

கணக்குப்பதிவியலில்தான் சிக்கல். போன வருடம் நல்ல பையன் ஒருவன் கூட்டாளி சேர்ப்புக் கணக்கு ஒன்றை எழுதிக் காட்டினான். மறுமதிப்பீட்டுக் கணக்கு, முதல் (கேபிடல்) கணக்கு, ஐந்தொகை, மூன்றும் அச்சடித்தது போல இருந்தன. "நற்பெயரை (குட்வில்) இந்த இருவருக்கும் இந்த விகிதத்தில் ஏன் பிரித்தாய்?" என்று கேட்டேன். பேச்சு இல்லை. அவன் கைடில் விடை மட்டும் இருந்தது, தியாக விகிதம், அதாவது பழைய கூட்டாளிகள் விட்டுக்கொடுத்த பங்கின் விகிதம், கண்டுபிடித்த நாலு வரி இல்லை. புது விகிதத்தைக் கேள்வியில் கொஞ்சம் மாற்றிக் கொடுத்ததும் ஐந்தொகை இரு பக்கமும் சேரவில்லை. கட்டாய வினா இப்படி மாற்றித்தான் வரும்.

ஆகவே வணிகவியலுக்குக் கைடு சரி, கணக்குப்பதிவியலுக்குப் பழைய வினாத்தாள் போதும். விலை ஒரு பாடத்துக்குச் சில நூறு. அதைப் பிள்ளைகள் வாங்கட்டும் என்று சொல்லாதீர்கள். துறை நூலகத்துக்கு இரண்டு பிரதி வாங்கி வையுங்கள். வகுப்பில் கைடு கட்டாயம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அன்றிலிருந்து புத்தகத்தை யாரும் திறக்கமாட்டார்கள். கைடின் உண்மையான விலை அதுதான்.

## வீடியோ

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. கொரோனா காலத்தில் பல வீடுகளில் வகுப்பறையே அதுதான். யூடியூபில் தமிழில் வணிகவியல், கணக்குப்பதிவியல் எடுப்பவர்கள் இப்போது ஏராளம். சிலர் என்னைவிட நன்றாக எடுக்கிறார்கள்.

பள்ளிக்கு வராத பிள்ளைக்கு, விட்டுப்போன பாடத்துக்கு, இரண்டாம் முறை கேட்க விரும்புபவளுக்கு வீடியோ அருமை. வகுப்பில் போட்டால் பெரும்பாலும் வீண். ப்ரொஜெக்டரை இணைக்க எட்டு நிமிடம், ஒலி கடைசி வரிசைக்குக் கேட்காது, இடையில் கேள்வி கேட்டால் நிறுத்திப் பின்னே இழுக்க வேண்டும். பார்க்கும்போது எல்லாருக்கும் புரிந்தது போலவே இருக்கும், அதுதான் ஆபத்து. குறிப்பேட்டுப் (ஜர்னல்) பதிவைக் கையால் போடாதவனுக்குப் பதிவு வராது. நீச்சலை வீடியோவில் பார்த்து யார் கற்றது?

இணைப்பை வகுப்புக் குழுவில் போட்டுவிட்டு, மறுநாள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு மேல் இதற்காக மெனக்கெட வேண்டாம். ப்ரொஜெக்டருக்கு 5,000 ரூபாயைக் கரைக்கவும் வேண்டாம்.

## டேலியும் கணினி ஆய்வகமும்

பிளஸ் டூ கணக்குப்பதிவியலின் கடைசிப் பாடம் டேலி என்ற கணக்கு மென்பொருள். பெரும்பாலான பள்ளிகளில் அது கரும்பலகையிலேயே முடிந்துவிடுகிறது. சைக்கிளைப் படம் போட்டு ஓட்டக் கற்றுக் கொடுப்பது போல.

உரிமம் வாங்க வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. டேலியைக் கல்விப் பயன்பாட்டு முறையில் உரிமம் இல்லாமலே இயக்கலாம். ஒரு பொடி வைத்திருக்கிறார்கள்: மாதத்தில் குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டும்தான் பதிவு போட விடும். முதல் தடவை இது தெரியாமல் போய் மாட்டிக்கொண்டேன். புத்தகக் கணக்கில் "ஏப்ரல் 15, வாடகை செலுத்தியது" என்று இருக்க, இருபது பிள்ளைகளும் 15 என்று அடித்து, இருபது கணினியும் மறுத்து, "சார், வைரஸ் சார்" என்று ஒரே கூச்சல். இப்போது கணக்குத் தாளிலேயே எல்லாத் தேதியையும் 1, 2 என்று மாற்றி நகல் எடுத்துவிடுகிறேன். எஃப் 5 செலுத்துதல், எஃப் 6 பெறுதல், எஃப் 8 விற்பனை, எஃப் 9 கொள்முதல் என்று நாலு விசை பழகினால் ஒரு சிறு கடையின் மாதக் கணக்கைப் பிள்ளை ஒரு பாடவேளையில் முடித்துவிடும்.

மதிப்பெண் கணக்கில் பார்த்தால் இது லாபமில்லாத வியாபாரம். ஒரு பாடத்துக்கு ஆய்வக நேரம் வாங்க வேண்டும், கணினி ஆசிரியரின் முகம் பார்க்க வேண்டும், எட்டில் மூன்று கணினி திறக்காது. ஆனால் கல்லூரிக்குப் போக முடியாமல் ஜவுளிக் கடையிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ வேலைக்குச் சேரப் போகும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் பாதி என்றால், இதைத் தவிர்ப்பது பாவம். ஆய்வகமே இல்லையென்றால் ஒரே ஒரு மடிக்கணினியில் லிப்ரே ஆபீஸ் விரிதாளைத் திறந்து, இருப்பாய்வின் இரு பக்கமும் தானாகக் கூட்டுவதைக் காட்டினாலே வகுப்பு எழுந்து உட்காரும்.

## பில் கட்டு

என் கட்சி இதுதான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஒரு பெரிய காக்கி உறை. அதற்குள் உணவக பில், மருந்துக் கடை பில், சூப்பர் மார்க்கெட் பில், இணையத்தில் வாங்கிய செருப்புக்கு வந்த பில், ரத்து செய்த காசோலை, வங்கிச் செலுத்துச் சீட்டு, லாரி சரக்குச் சீட்டு, காப்பீட்டுப் பிரீமிய ரசீது, நகைக் கடன் அட்டையின் நகல், மளிகைக் கடைப் பற்று நோட்டின் ஒரு பக்கம். எட்டு வருடமாகச் சேர்ந்தது. வாங்கிய செலவு பூஜ்ஜியம்.

மறைமுக வரி பாடத்தை இப்போது இந்த உறை இல்லாமல் என்னால் எடுக்க முடியாது. பில்லைக் கையில் கொடுத்து, ஜி.எஸ்.டி. எண்ணை வாசிக்கச் சொல்வேன். 15 இடங்கள். முதல் இரண்டு மாநிலம்: தமிழ்நாடு 33, கேரளம் 32, கர்நாடகம் 29, புதுச்சேரி 34. அடுத்த பத்தும் கடைக்காரரின் பான் எண். உணவக பில்லில் 2.5, 2.5 என்று இரண்டாக உடைந்திருக்கும், மத்திக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி. செருப்பு பில் 29-இல் தொடங்கும். அதில் உடையாமல் ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரி. "வேற ஸ்டேட்னா ஐ.ஜி.எஸ்.டி." என்று அவர்களே விதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒருமுறை பின் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, "சார், எங்க மாமா புதுச்சேரிக்குப் போயி வாங்கின பில்லு இது. 34-ன்னு இருக்கு. அப்புறம் ஏன் ரெண்டா உடைஞ்சிருக்கு?" என்றாள். கடையும் புதுச்சேரியில், பொருள் கைமாறியதும் புதுச்சேரியில், மாமா எந்த ஊர்க்காரர் என்பது பில்லுக்குத் தேவையில்லை என்று விளக்க வேண்டி வந்தது. வழங்கல் இடம் என்பதை இதற்கு முன் நான் வகுப்பில் பேசியதே கிடையாது. புத்தகத்திலிருந்து அந்தக் கேள்வி எழுந்திருக்காது.

2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் வாங்கிய சோப்பு பில்லும் பின்னால் வாங்கியதும் உங்களிடம் இருந்தால் பொக்கிஷம். குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு 18 விழுக்காடாக இருந்தது 5 ஆனது. வரிக்கு முன் 100 ரூபாய் என்றால் அன்று 118, இன்று 105. மீதி 13 ரூபாயைக் கடைக்காரர் உண்மையிலேயே குறைத்தாரா என்று பில்லைப் பார்த்துச் சண்டை போடட்டும். நுகர்வோர் பாதுகாப்புப் பாடம் அங்கேயே பாதி முடிந்துவிடும்.

காசோலைக்கும் இதே கதைதான். 1881 சட்டம், கீறலிடல், மேலெழுதல் என்று கரும்பலகையில் எழுதினால் கொட்டாவி வரும். நகலெடுத்த காசோலையைக் கொடுத்து, "இடது மூலையில் ரெண்டு கோடு போடு. இனி கவுன்ட்டர்ல காசு கிடைக்காது, கணக்குலதான் விழும்" என்றால் போதும். தேதியில் நாலு மாதத்துக்கு முந்தையதைப் போட்டுக் கொடுத்து, வங்கி வாங்குமா என்று கேட்பேன். வாங்காது. 2012 ஏப்ரலிலிருந்து காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம்.

ஆனால் கட்டிலேயே விலை மதிப்பில்லாத தாள் அந்தப் பற்று நோட்டுப் பக்கம்தான். பிளஸ் ஒன்னில் ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள்: "காசு கைக்கு வந்தா வரவுதானே சார்? புக்ல ஏன் ரொக்கக் கணக்கு பற்றுன்னு போட்டிருக்கு?" நியாயமான கேள்வி. வீட்டு வரவு செலவு நோட்டில் வந்த பணம் வரவுதான். இங்கே ஆங்கிலவழிப் பிள்ளைக்கு இல்லாத ஒரு குழப்பம் தமிழ்வழிப் பிள்ளைக்கு இருக்கிறது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் சாவியும் அவன் வீட்டிலேயே இருக்கிறது.

அண்ணாச்சி கடை நோட்டில் நம் வீட்டுப் பெயரில் ஒரு பக்கம். அரிசி வாங்கியது, எண்ணெய் வாங்கியது எல்லாம் பற்று. மாதம் முதல் தேதி அம்மா கொடுத்த 500 ரூபாய் வரவு. அந்தப் பக்கம் நம்முடைய கணக்கு, எழுதுவது அண்ணாச்சி. நம் பக்கத்தில் வரவு வைத்த அதே 500 ரூபாய் எங்கே போனது? கல்லாவுக்குள். கல்லாவுக்கும் ஒரு பக்கம் இருந்தால் அதில் எழுத வேண்டியது பற்று. கொடுத்தவர் பக்கம் வரவு, வாங்கிக்கொண்ட கல்லா பக்கம் பற்று. இரட்டைப் பதிவு முறை அவ்வளவுதான். புத்தகம் இந்தச் சொற்களை வேற்று கிரகத்திலிருந்து எடுக்கவில்லை, கடைத்தெருவிலிருந்துதான் எடுத்தது. நாம்தான் நடுவில் மறந்துவிட்டோம்.

குறைகளும் உண்டு. முதல் வருடம் இதைச் சேர்த்து, வகை பிரித்து, பாடத்தோடு பொருத்த நாலைந்து இரவு நிச்சயம். பில்லில் இருக்கும் பெயர், போன் எண், கணக்கு எண்ணைக் கறுப்பு மையால் அடிக்காமல் நகலெடுக்கவே கூடாது. கையெழுத்திட்ட காசோலை எதுவும் உறைக்குள் வரக் கூடாது. வெப்பத்தாளில் அச்சான பில் ஒரே வருடத்தில் வெளுத்துவிடும், கிடைத்த அன்றே நகல் எடுங்கள். மேலாண்மைக் கோட்பாடுகளுக்கு இந்த உறை உதவாது. ஹென்றி ஃபயோலின் 14 கோட்பாடுகளை மருந்துக் கடை பில்லில் தேட முடியாது.

## களப்பயணம், பங்குச் சந்தை விளையாட்டு

களப்பயணம் என்றதும் மால், தொழிற்சாலை என்று யோசித்து, அனுமதிக் கடிதத்திலேயே திட்டம் செத்துவிடுகிறது. நடந்து போகும் தூரத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இருக்கும், இல்லாவிட்டால் கூட்டுறவுப் பண்டகசாலையாவது இருக்கும். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-இல் தொடங்கிய நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம் இன்றும் இயங்குகிறது. ஈரோட்டுப் பக்கம் என்றால் மஞ்சள் ஏலம் நடக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். ஒரு மணி நேரம் போதும். அகமதிப்பீட்டுக்கும் ஆயிற்று.

பங்குச் சந்தைப் பாடத்துக்குச் செயலியில் பொய்ப் பணம் வைத்து வாங்கி விற்கும் விளையாட்டைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். நான் மாட்டேன். பட்டியலிட்ட பங்குகளின் விலையை வைத்து நடத்தும் இப்படிப்பட்ட பயிற்சி வணிகத் தளங்களைப் பற்றி பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியே 2024 நவம்பரில் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. பதினேழு வயதுக்காரனின் போனில் அந்தச் செயலியை நாமே ஏற்றிவிட்டு, மறுவருடம் அவன் உண்மைப் பணத்தோடு எஃப் அண்டு ஓ எனும் ஊக வணிகத்தில் நிற்பதைப் பார்க்க வேண்டாம். பழைய செய்தித்தாளின் வணிகப் பக்கத்தைக் கொடுத்து, ஐந்து நிறுவனங்களின் விலையை நாலு வாரம் நோட்டில் எழுதச் சொன்னால் போதும். ரிசர்வ் வங்கியின் நிதி விழிப்புணர்வுக் கையேடுகளும் இலவசம்தான். வங்கிப் பாடத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

## என்.சி.இ.ஆர்.டி. நூலும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளும்

சி.பி.எஸ்.இ.யில் இந்தப் பாடத்துக்குப் பெயரே வேறு, பிசினஸ் ஸ்டடீஸ். எழுத்து 80, செயல்திட்டம் 20. கேள்விகளில் சிறு நிகழ்வைக் கொடுத்து, இதில் எந்தக் கோட்பாடு இருக்கிறது என்று கேட்பது அதிகம். அங்கே கைடின் மதிப்பு சரிந்து, நிகழ்வாய்வுப் பயிற்சித் தாளின் மதிப்பு ஏறும். பில் கட்டும் களப்பயணமும் செயல்திட்டத்துக்கு நேரடியாக உதவும்.

மாநிலப் பாடத்திட்ட ஆசிரியருக்கு அங்கே படிக்கும் என்.சி.இ.ஆர்.டி. நூல் கேள்விச் சுரங்கம். பி.டி.எப். இலவசம். ஃபயோல், திட்டமிடல், சந்தையிடல் எல்லாம் பொதுவானவை. அங்குள்ள நிகழ்வுகளைத் தமிழில் சொல்லி, ஊர்க் கடையின் சாயல் கொடுத்துக் கேட்கலாம். தமிழ்வழிப் பிள்ளையின் கையில் நேரடியாகக் கொடுக்காதீர்கள், சொல் மாறிக் குழம்பும். பி.காம். ஆங்கிலத்தில் படிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் டிசம்பருக்குப் பிறகு காட்டுவேன். இங்கே பேரேடு என்று படித்தவன் கல்லூரியில் முதல் நாள் லெட்ஜர் என்றதும் வேறு எதுவோ என்று விழிக்கிறான்.

இப்போது எல்லாரும் கேட்கும் இன்னொன்று, ஏ.ஐ. அரட்டைச் செயலி. கேள்வி தயாரிக்கச் சொன்னால் நொடியில் இருபது தரும். பற்றையும் வரவையும் இடம் மாற்றிய பதிவு ஒன்றை அது முழு நம்பிக்கையோடு எனக்குத் தந்திருக்கிறது. சரிபார்க்கும் நேரத்தில் நானே எழுதியிருப்பேன்.

## ஒரே பார்வையில்

| வளம் | தேர்வுக்கு | ஆசிரியரின் நேரம் | தேதி | மின்சாரம், இணையம் இல்லாத நாளில் |
|---|---|---|---|---|
| பாடநூல் | முழுமை | ஆண்டுக்கு ஒரு ஞாயிறு | சட்டப் பாடங்களில் பார்த்து நடக்கவும் | கவலையில்லை |
| கைடு, வினா வங்கி | வணிகவியலுக்கு நன்று, கணக்குக்கு அரைகுறை | குறைவு | பாடநூல் எப்படியோ அப்படி | கவலையில்லை |
| வீடியோ | சுமார் | வகுப்பில் போட்டால் அதிகம் | எடுத்த ஆண்டைப் பொறுத்தது | படுத்துவிடும் |
| டேலி, விரிதாள் | ஒரே பாடம் | அதிகம் | நன்று | படுத்துவிடும் |
| பில் கட்டு | மறைமுகமாக | முதல் வருடம் அதிகம், பிறகு சொற்பம் | இன்றைய தேதி | கவலையில்லை |
| களப்பயணம் | அகமதிப்பீட்டுக்கு | அனுமதிக்கு ஒரு வாரம் | நேரடி | மழை பெய்யாமல் இருந்தால் சரி |

## எந்த நிலையில் எது

பிளஸ் டூ மட்டும் உங்கள் பொறுப்பு, அரையாண்டுக்குப் பிறகு சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். பாடநூல், பழைய வினாத்தாள், மெல்லக் கற்போர் கையேடு. பில் கட்டை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

பிளஸ் ஒன் கையில் இருந்தால் இப்போது நிலைமையே வேறு. 2025-இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போய்விட்டது. அந்த ஒரு வருடம் மறுபடி ஆசிரியரிடம் வந்திருக்கிறது. பில் கட்டு, களப்பயணம், விரிதாள் எல்லாவற்றையும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் ஒன்னிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கச் சொல்லும் நிர்வாகமாக இருந்தால் ஜூன், ஜூலை மட்டுமாவது கேட்டு வாங்குங்கள். பற்று வரவு அங்கே விழவில்லை என்றால் இரண்டு வருடமும் மனப்பாடம்தான்.

பத்தாம் வகுப்பில் கணக்கைக் கண்டு பயந்து இந்தப் பிரிவுக்கு வந்த பிள்ளைகள் அதிகமா? பற்று நோட்டிலிருந்து தொடங்குங்கள், கைடிலிருந்து வேண்டாம். எல்லாரும் சி.ஏ. கனவோடு வந்தவர்களா? அவர்களுக்குப் பாடநூல் கணக்குகளின் எண்களை மாற்றி நீங்களே தயாரிக்கும் தாள்தான் தீனி.

சரி, அந்த 5,000 ரூபாய். வணிகவியல் கைடு இரண்டு பிரதி, ஐந்தாண்டு வினாத்தாள் தொகுப்பு இரண்டு பாடத்துக்கும், காக்கி உறைகள் ஒரு டஜன், பில் நகல்களை லேமினேட் செய்ய ஒரு தொகை. 60 பேர் தொட்டுப் பார்த்தாலும் கிழியாமல் இருக்க இது அவசியம். எல்லாம் சேர்ந்து பாதிப் பணத்தைத் தாண்டவில்லை. மீதியைச் செலவழிக்காமல் தலைமையாசிரியரிடமே திருப்பிக் கொடுத்து, அக்டோபரில் விற்பனைக் கூடத்துக்குப் போக வேன் வாடகைக்கு வைத்திருக்கச் சொல்லும்படி சொன்னேன். அதற்கான பில்லையும் பத்திரமாக வாங்கி வரச் சொன்னேன். உறைக்கு ஆகும்.